அரைவட்டத்தில் மட்டும் ஈரம்

ஹாக்கி அரங்கத்தின் மேலாளர் வந்து உட்கார்ந்தபோது அண்ணி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே நெட்டை, உரித்ததைத் தின்றுகொண்டிருந்தான். அண்ணனைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டதால் வீட்டில் எல்லோருக்கும் அவன் நெட்டைதான். அண்ணி துப்பறியப் போகும் இடமெல்லாம் கூடவே போவது அவனாகத் தலையில் போட்டுக்கொண்ட வேலை.

"தரை நனையுதுங்க," என்றார் மேலாளர். "விடிஞ்சு பார்த்தா ஒரு கோலுக்கு முன்னால மட்டும் ஈரம். மழையும் இல்ல. தரைக்குத் தண்ணி விடுற பம்ப் அறை பூட்டினபடி இருக்கு. சாவி பம்ப் ஆபரேட்டர் ஒருத்தர்கிட்டதான்."

"அவர் என்ன சொல்றார்?"

"தெரியாதுங்கறார். ஒண்ணு, அவர் பொய் சொல்றார். இல்லைன்னா அடியில குழாய் உடைஞ்சிருக்கு. உடைஞ்சிருந்தா தரையைக் கிழிச்சுத் தோண்டணும். அப்ப இங்க நடக்கவேண்டிய இறுதி ஆட்டம் வேற ஊருக்குப் போயிடும். அவர்தான்னா வேலையை விட்டு அனுப்பணும்."

"ரெண்டும் இல்லாம மூணாவதா ஒண்ணு இருந்தா?"

"என் வயித்துல பாலை வார்த்த மாதிரிங்க."

மறுநாள் விடியலில் அரங்கம் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் தோன்றியது. விளக்குக் கோபுரங்களின் தலை பனிக்குள் கரைந்திருந்தது. நான்கு பக்கமும் ஆளில்லாத இருக்கைகள். நடுவில் செயற்கைப் புல்தரை, யாரோ ஆகாயத்தை மடித்துக் கீழே விரித்ததுபோல் நீலமாகக் கிடந்தது. நெட்டைக்குக் குரலை உயர்த்தவே மனம் வரவில்லை.

கோலுக்கு முன்னாலிருந்த அரைவட்டத்தின் விளிம்பில், ஒரு கட்டில் அளவுக்கு ஈரம் மின்னியது. அண்ணி மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எதிரணி சதி, அண்ணி," என்று கிசுகிசுத்தான் நெட்டை.

"எதிரணிக்காரன் தினம் வந்து தண்ணி தெளிச்சுட்டுப் போவானா, தம்பி? கோலைப் பாருங்க."

கோலின் அடிப்பலகையில் பந்து பட்ட தடங்கள் எங்கும் பழசாக இருந்தன. இடது மூலையில் மட்டும் வண்ணம் புதிதாக மழுங்கியிருந்தது. அங்கே ஒரு திருகாணியில் பச்சை நூல் ஒன்று சிக்கியிருந்தது. அதை நெட்டைதான் கண்டுபிடித்தான், பெருமை தாங்கவில்லை.

பந்து அந்தப் பலகையில் மோதினால் வெடி வெடித்த மாதிரி கேட்கும் என்று மேலாளரே சொல்லியிருந்தார். ஆனால் வாசல் காவலாளி கண்விழித்திருந்தும் ஒரு சத்தமும் கேட்கவில்லையாம்.

பார்வையாளர் மாடத்தின் அடியில், அரங்கத்தின் பழைய படங்கள் வைத்த ஒரு காட்சியகம். அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் பெருக்கித் துடைப்பதற்காக விடியுமுன்பே வந்துவிடுவாராம். நரைத்த பின்னல், அகன்ற தோள். செருப்பை வெளியே விடச் சொல்லி இருவரையும் பச்சைக் கம்பளத்தின்மேல் நடத்திச் சென்றார்.

"முதல்ல இது வெறும் புல் மைதானம். பலகை அடிச்ச மாடம்," என்று படங்களைக் காட்டினார். "அப்புறம் கான்கிரீட் மாடம், விளக்கு, உடை மாத்துற அறைங்க. கடைசியாத்தான் இந்த நீலத் தரை. தண்ணி தெளிச்சு ஆடணும். அப்பத்தான் பந்து வழுக்கிட்டு ஓடும்."

சுவர் முழுக்க ஆண்கள் அணி. வாசல் ஓரமாக, தூணின் மறைவில், பெண்கள் அணியின் படம் ஒன்றே ஒன்று.

"யாரோ திருட்டுத்தனமா வந்து பந்து அடிச்சுப் பழகுறாங்க. நீங்க எதாவது பாத்தீங்களா?" என்றாள் அண்ணி.

"எனக்கென்னங்க தெரியும்? படம் துடைப்பேன், பூட்டைப் பூட்டுவேன். அந்த இடது மூலையிலயே அடிச்சுப் பழகி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். கம்பளத்தின் கோடிக்கு வந்ததும் நெட்டையின் காலுறை சில்லென்று நனைந்தது. அவன் முகம் சுளித்ததை அண்ணி பார்த்துக்கொண்டாள்.

பிறகு அவள் மாடத்தில் போய் உட்கார்ந்து, வெயில் ஏறுவதை வேடிக்கை பார்த்தாள். அந்த ஈரம் ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, கனவு கலைவதுபோல் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் மேலாளர், பம்ப் ஆபரேட்டர், காட்சியக அம்மாள் மூவரையும் கோலின் அருகே வரச் சொன்னாள்.

"குழாய் உடைஞ்சிருந்தா அடியிலிருந்து ஊறிக்கிட்டே இருக்கும், இப்படிக் காயாது," என்று ஆரம்பித்தாள். "பம்ப் போட்டிருந்தா ஓரத்துல இருக்கிற தண்ணிப் பீச்சிங்க பாதி மைதானத்தையே நனைச்சிருக்கும். இது மாடத்துப் படிக்கட்டு கழுவுற குழாயைப் பிடிச்சுத் தெளிச்ச ஈரம். அதுக்குப் பம்ப் அறைச் சாவி வேண்டாம்."

பம்ப் ஆபரேட்டர் நீண்ட மூச்சு விட்டார்.

"பெனால்டி கார்னர் கிடைச்சா, நின்னு பந்தை மட்டையால இழுத்துத் தூக்கி கோலுக்குள்ள விடுற இடம் அது. சத்தம் வராம இருக்கப் பலகைமேல ஒரு கம்பளத்தைத் தொங்க விட்டிருக்காங்க. பச்சைக் கம்பளம். எடுத்துட்டுப் போகும்போது ஈரத்துல இழுபட்ட கோடி இன்னும் காயல, என் கொழுந்தனோட காலுறை சாட்சி. பந்து அடிக்கிறாங்கன்னுதான் அம்மாகிட்ட நான் சொன்னேன். எந்த மூலைன்னு சொல்லவே இல்ல."

காட்சியக அம்மாள் ஆமாம் என்று தலையசைத்தார்.

"உங்க மகளுக்காகவா?" என்றார் மேலாளர்.

"எனக்கு மகள் இல்லீங்க. தூண் பின்னால இருக்கிற படத்துல ரெண்டாவதா நிக்கிறது நான்தான். என் காலத்துல இது புல்லு. நீலத் தரை போட்ட வருஷம் எனக்கு முழங்கால் போச்சு. மேட்ச் மேட்ச்சா காட்சியகத்துக் கண்ணாடி ஜன்னல் வழியாப் பாத்துட்டே இருந்தேன். ஒரு தடவை மிதிச்சுப் பாக்கணும்னு இறங்கினேன். அப்புறம் விட முடியல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"முடியாதுன்னு சொல்லிருவீங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இறங்குறது?"



"என் பொழைப்பு போயிருக்கும்மா," என்றார் பம்ப் ஆபரேட்டர்.

"உங்க தலையில விடியும்னு தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்து சொல்லியிருப்பேன். என்னை மன்னிச்சிருங்க."

பம்ப் ஆபரேட்டர் விறுவிறுவென்று போய்விட்டார். கோபம்தான் என்று நெட்டை நினைத்தான். ஆனால் பம்ப் உறுமியது. ஓரத்துப் பீச்சிகள் எழுந்து, வெயிலில் வெள்ளை வில்லாக வளைந்து, நீலம் முழுவதையும் நனைத்தன. மேலாளர் தடுக்கவில்லை. சாரல் பட்ட கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மட்டையை எடுத்துட்டு வாங்கம்மா. யாராவது கோல்ல நில்லுங்க," என்றார்.

நெட்டைதான் கோலுக்கு ஓடினான். பீச்சிகள் ஓய்ந்தன. அம்மாள் குனிந்தார். பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு முழு மூச்சு நேரம் அது அவரை விட்டுப் பிரியவே இல்லை. அப்புறம் அவன் பாய்ந்ததற்கு எதிர்ப்பக்கத்தில் பலகை வெடித்தது. கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின. அவன் ஈர நீலத்தில் மல்லாந்து கிடந்தான்.

"அடி கிடி பட்டுச்சா, தம்பி?" என்றார் அம்மாள்.

"இல்லீங்க."

"அப்ப எழுந்திருங்க. வலது மூலை பாக்கி இருக்கு."