விற்றுப்போன தையல் மெஷின்

டமார்!

பேராசிரியர் சிவப்பிரகாசம் வாசற்படியைத் தாண்டியதும் கதவு பின்னால் அறைந்து சாத்திக்கொண்டது. கூட வந்த மோகனப்ரியா துள்ளி விழுந்தாள்.

“காத்தும்மா. பிசிக்ஸ்ல ஆராய்ச்சி பண்ற பொண்ணு கதவுக்குப் பயப்படலாமா?” என்று சிரித்தார் அவர்.

பேய் என்று யார் எங்கே சொன்னாலும் கருவிகளோடு போய் இறங்கி, இல்லையென்று நிரூபித்துவிட்டு வருவது சென்னைக் கல்லூரிப் பேராசிரியரான அவருடைய வாடிக்கை. பத்திரிகைகளில் படம் வரும். திருவாலங்காட்டுப் பெண் மோகனப்ரியா அவரிடம் பிஎச்.டி. செய்கிறாள். ஆய்வேடு முடிந்து அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

திருத்தணி மலையடிவாரத்தில் இருந்த அந்த வீட்டில் மெஷின் எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. தையல்காரர் ராஜவேலு போன வருஷம் இறந்துவிட்டார். அவருடைய மெஷினை மகன் டில்லிபாபு விற்றுவிட்டான். ஆனாலும் பொழுது சாய்ந்தால் உள்ளறையில் அது ஓடுகிறதென்று அம்மா அம்சா பிடிவாதமாகச் சொன்னாள்.

“மாமா உசிரோட இருந்தப்பவே ஒரு ஜாக்கெட்டைச் சொன்ன தேதிக்குத் தெச்சதில்லே. செத்தப்புறமா தெக்கப் போறாரு?” என்றாள் மருமகள் புஷ்பலதா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்சா சிரிக்கவில்லை.

“பக்கத்து வீட்டு போர் மோட்டார்தான்மா. அதிர்வு சுவர் வழியா வருது” என்றார் சிவப்பிரகாசம்.

“நல்லா சொல்லுங்க சார். வீட்டை இடிச்சுட்டு லாட்ஜ் கட்டலாம்னா, ‘உங்கப்பாவை விட்டுட்டு வரமாட்டேன்’னு அம்மா உக்காந்துகினு கீது” என்றான் டில்லிபாபு.

அம்சா நிமிர்ந்தாள். “மோட்டாரை நிறுத்திட்டுக் கேப்போம். இன்னொருத்தருக்குக் கேட்டாலும் நான் இங்கியேதான் இருப்பேன். கேக்கலேன்னா சாவியைக் குடுத்துடறேன்.”

சோதனையைப் பேராசிரியரே வகுத்தார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கை தூக்கிவிடக் கூடாது. அதனால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டவர் கையைத் தூக்க வேண்டும். மோகனப்ரியா மட்டும் கண் திறந்திருந்து எத்தனை கை என்று பார்ப்பாள். நடுநிலையாக இருக்கட்டுமென்று தானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மலையில் சாயங்கால பூஜை மணி அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டு மோட்டார் நின்றது.

நிசப்தம்.

எண்ணெய் வாடை கூடியது. அதோடு புதுத் துணியின் கஞ்சி வாசனை.

கடகட... கடகட...

கண்ணை மூடியிருந்த சிவப்பிரகாசம் காதைத் தீட்டிக்கொண்டார். மோட்டார் இல்லை. காற்று இல்லை. மிதிகட்டை ஏறி இறங்கும் சத்தம். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம். அப்புறம், ஸ்டூல் பின்னால் தள்ளப்படும் சத்தம்.

யாரோ எழுந்து நடந்தார்கள்.

அவருடைய வலது கை உயர்ந்தது.

கண்ணில் பட்டதை, காதில் விழுந்ததை, நமக்கே பாதகமானாலும் மறைக்காதே என்று வருஷந்தோறும் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த மனிதர். அந்தப் பழக்கத்தில்தான் கை உயர்ந்ததென்று நினைத்தார். உடனே துறையில் சிரிக்கப் போகிற முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. இடது கையால் வலது கையை வெடுக்கென்று கீழே இழுத்தார். அது சுலபமாக இறங்கவில்லை.

சத்தம் நின்றது.

“கண்ணைத் திறக்கலாம்” என்றார். மோகனப்ரியாவின் முகம் வெளுத்திருந்தது. அவளை ஊன்றிப் பார்த்தார். “ஒரு கைதானேம்மா? அம்சாம்மா மட்டும்தானே?”

கையெழுத்துப் போட வேண்டிய மனிதரைப் பார்த்தாள்.

“ஆங் சார்” என்றாள் மெல்ல.

டில்லிபாபு தொடையைத் தட்டினான். அம்சா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை மகன் கையில் வைத்தாள். பிறகு பேராசிரியரைப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். ஏதோ தெரிந்துகொண்டது போலிருந்தது. “காப்பி சாப்பிட்டுப் போங்க சார்” என்றாள். அவர் அவமானத்தில் தலை குனிந்தபடி செருப்பைத் தேடினார்.

மின்சார ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கனமாக இருந்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டார். பேயைப் பார்த்து ஓடியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. தன்னுடைய பொய்யை அந்தப் பெண்ணின் வாயால் சொல்ல வைத்துவிட்டோமே!

“பிரியா, என் கை உயர்ந்ததை நீ பார்த்தே. எனக்குத் தெரியும். நரம்புத் தளர்ச்சிம்மா. தானா உயர்ந்துடுச்சு.”

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தானா உயரலை சார்... அளவு டேப்பைக் கழுத்துல போட்டுகினு ஒருத்தர் உங்க மணிக்கட்டைப் பிடிச்சுத் தூக்கினாரு, இன்னும் விடலை சார்.”