பொட்டிட்ட விளிம்பு

அம்மனின் ஒட்டியாணம் களவு போயிற்று.

அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி செல்லசாமி, சனிக்கிழமைக் காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்தனுப்பிவிட்டு வீடு திரும்பியபோது, பூசையறைத் தரைக்கதவு பாதி திறந்து சாய்ந்து நிற்கக் கண்டார். கீழே வெறுங்குழி. அருகே ஓர் உளி. அதன் பிடியில், அந்தக் கதவைச் செய்த தச்சன் வீரபத்திரனின் முத்திரை.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் தத்தம் மூக்குத்தியைக் கழற்றித் தந்து செய்வித்து, கங்காணி வீட்டுக் குழியில் காவலுக்கு வைத்த ஒட்டியாணம் அது. நண்பகலுக்குள் வீரபத்திரனைக் கங்காணி வீட்டு முன்தூணில் கட்டிவிட்டார்கள். அவன் மனைவி பரிமளம் கைக்குழந்தையோடு மழையில் நின்றாள்.

கதவுக்குக் கீல் விற்றவர் என்பதால், லிந்துலைக் கடைவீதி இரும்புக்கடைக்காரர் மஃறூபை, விசாரிக்க வந்த பொலிஸ் சார்ஜன்ட் அழைத்திருந்தார். தூணில் கட்டுண்டவனைக் கண்டதும் மஃறூபின் முகம் சிவந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"இவன் உங்ககிட்ட என்ன வாங்கினான்?" என்றார் சார்ஜன்ட்.

மஃறூபுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. கடைப்பலகையில் மூன்று வகைக் கீல்களைப் பரப்பி வைத்திருந்தார். முதல் வகையை வீரபத்திரன் ஒதுக்கினான். அதன் குமிழ் தரைக்குமேல் துருத்தி, இங்கே கதவு இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். இரண்டாவதற்கு மேலே கைப்பிடி வேண்டும். மூன்றாவது, பலகையின் கனத்துக்குள் மறையும் பித்தளை முளைகள். பின்விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளிப் பொருத்துவது.

"இதுதான் நானா," என்றான் வீரபத்திரன் அன்று, மஃறூபை அண்ணன் முறை வைத்து. "பின்னால அமுக்குனா முன்னால தூக்கும். பின்பக்கம் எறங்க அடியில எடம் விட்டாப் போதும், மூடி நேரா நட்டுக்க நிக்கும்."

இதைக் கூறி முடித்த மஃறூப், தூணை நோக்கிக் கேட்டார். "உளி உன்னுடையதா?"

"என்னுதுதான் நானா. வேல முடிஞ்ச அன்னிக்கு இங்கயே விட்டுட்டேன். கேக்க வந்தப்பல்லாம் அப்புறம் வான்னாங்க கங்காணி ஐயா."

"கதவத் தெறக்குற விதம் யாருக்கெல்லாம் சொன்ன?"

"ஐயாவுக்கு மட்டுந்தாங்க."

"வாயப் பாருங்க கள்ளப்பயலுக்கு," என்றார் செல்லசாமி. "இவன் ஜெயிலுக்கு. இவன் பொண்டாட்டி புள்ளைக்கு இன்னைக்கே பத்துச்சீட்டு, தோட்டத்த விட்டே வெளிய. றோட்டுல கெடக்கட்டும்."

மஃறூப் பல்லைக் கடித்துக்கொண்டு தரைக்கதவருகே மண்டியிட்டார். உளி நெம்பிய காயங்கள் பின்விளிம்பில் பிளவுபட்டுத் தெரிந்தன. முன்விளிம்பிலோ மஞ்சள் மெழுகி வைத்த குங்குமப் பொட்டு சிறிதும் கலையாமல் துலங்கிற்று.

"பொட்டு யார் வச்சது?"

"நாந்தாங்க," என்றாள் கங்காணியின் மனைவி அழகம்மை. "அடியில அம்மன் சொத்துல்ல. வெள்ளி தவறாம வைப்பேன். நேத்தும் வெச்சேன்."

மஃறூப் எழுந்தார்.

"சார்ஜன்ட் ஐயா, காயம் ஈக்கிற பக்கம் மேல வராது, கீழ எறங்கும். நாள் பூரா நெம்பினாலும் தெறக்காது. தெரியாத கள்ளன் இந்த வழியா எடுத்திருக்க ஏலாது. வீரபத்திரனுக்கு உளியே வேணாம், கையால அமுக்கினாப் போதும். தன்ட உளியத் தானே போட்டுட்டுப் போக அவனுக்குப் பைத்தியமா? அமுக்கித் தெறந்த ஒருத்தன், தச்சன் மேல பழி போட மூடிட்டு வச்ச காயம் இது."

"அப்படின்னா முன்பக்கமே வச்சிருக்கலாமே," என்றார் சார்ஜன்ட். "நானும் நம்பியிருப்பேன்."

"முன்பக்கம் உளி வைக்க மனசு வரல்ல. அங்க அம்மன்ட பொட்டு ஈக்கி. அது மேல இரும்பு வைக்கப் பயந்திருக்கான்."

செல்லசாமி தம் தலைப்பாகையைத் தொட்டுச் சரிசெய்தார். அது சரியாகவே இருந்தது.

"இன்னொண்டு. இந்த மூடி நட்டுக்க நிக்கணும். ஏன் பாதியில நிக்குது? பின்பக்கம் எறங்க விடாம அடியில என்னவோ தடுக்குது." குழியருகே சென்ற மஃறூப் ஒதுங்கி நின்றார். "அது அம்மன்ட பொருள், நான் தொடுறது சரியில்ல. தங்கச்சி, நீங்க கைய விடுங்க. பின்பக்கத்துக்கு அடியில, இருட்டுல."

அழகம்மை முழங்கை மறையக் கையை விட்டாள். மஞ்சள் துணி மூட்டை ஒன்று வெளிவந்தது. உள்ளே ஒட்டியாணம்.

"வெளியாள் எடுத்துட்டு ஓடியிருப்பான். இங்கயே ஒளிக்கிறவன் இங்கயே குடியிருக்கிறவன். தெறக்கிற விதமும் தெரியும், உளியும் கையில ஈக்கி." மஃறூப் செல்லசாமியின் பக்கம் திரும்பினார். "கங்காணி, நீங்கதான். ஒரு பொட்டுக்குப் பயந்தீங்க. மழையில நிக்கிற அந்தப் புள்ளைக்குப் பயப்படல்லயே."

செல்லசாமி மூட்டையை நோக்கிக் கை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றாள் அழகம்மை. "என் மூக்குத்தியும் இதுலதான் இருக்கு."

சார்ஜன்ட் தூணில் இருந்த கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு கங்காணியின் பக்கம் திரும்பினார். மரத்துப்போன கைகளைத் தேய்த்துக்கொண்டே வீரபத்திரன் உள்ளே வந்தான். மூடியின் பின்விளிம்பை உள்ளங்கையால் அமுக்கினான்.

கதவு ஓசையின்றி எழுந்து, பொட்டோடு நிமிர்ந்து நின்றது.