வடக்கே தலைவைத்த கட்டில்

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சாரல் மழையில், ஒரு முழு பிளைவுட் பலகை தானாக நடந்து வந்து வேல்விழியின் குடையை இடித்துத் தள்ளியது. பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நனைந்த முடி... அதற்குக் கீழே, மன்னிப்புக் கேட்கவும் மறந்து விழித்த இரண்டு கண்கள். நாலு வார்த்தை திட்ட வாயெடுத்தவளுக்கு வாய் மட்டும்தான் திறந்தது.

பெயர் மாரிசெல்வம். போடிக்காரன். கம்பத்தில் பட்டறை போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. சின்ன வீடுகளுக்கு இடம் அடைக்காத மரச்சாமான் செய்கிறவன். குடையை நிமிர்த்திக் கொடுப்பதற்குள் இத்தனையும் சொல்லிவிட்டான்.

அவளுக்கும் அப்படி ஒரு ஆள்தான் தேவைப்பட்டது. வடுகபட்டியிலிருந்து வந்து போன வாரம்தான் ஓரறை வீட்டுக்குக் குடிபுகுந்திருந்தாள். அதில் கட்டில் போட்டால் நடக்க வழியில்லை. அம்மா நாகஜோதி முழங்கால் ஆபரேஷன் முடிந்து தேனி ஆஸ்பத்திரியில் இருந்தாள். இனி தரையில் படுக்கக் கூடாதாம்.

அன்றைக்கே அளக்க வந்தான். சுவரோடு மடித்து நிறுத்துகிற கட்டில் என்று முடிவானது. தலைமாடு சுவரை ஒட்டி வரும் என்பதால் முதலில் திசையைக் கேட்டான். மூட்டத்தில் சூரியனைக் காணோம். சன்னலுக்கு வெளியே மங்கலாக ஒரு மலை தெரிந்தது.

"அது கேரளா மலைதான டீச்சர்? அப்ப அதுதான் மேற்கு."

வேல்விழி பள்ளியில் புவியியல் நடத்துகிறவள். ஆனால் அளவு டேப்பின் நுனி அப்போது அவள் விரலில் இருந்தது, மறுமுனையில் அவன் இருந்தான்... "ஆமா" என்றாள்.

கம்பத்துக்கு இருபக்கமும் மலை. அவள் பார்த்தது கிழக்கே நிற்கும் மேகமலை. தெற்கென்று அவன் தலைமாட்டுக்குக் குறித்துக்கொண்ட சுவர் உண்மையில் வடக்கு.

கட்டில் தயாரான பத்து நாளும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பட்டறைக்குப் போனாள். பால்காரர், ஆட்டோக்காரர் எல்லாரும் அவளுக்கு அண்ணன்தான். இவனைக் கூப்பிட மட்டும் அந்தச் சொல் வரவே இல்லை.

தூறலிலேயே கட்டிலை மாட்டினான். மடித்து நிறுத்தினால் அதன் அடிப்பக்கத்தில், அவள் கேட்காத ஒரு சின்ன எழுதும் பலகை.

"தரையில குனிஞ்சுதான நோட்டுத் திருத்துறீக... கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

அன்றிரவு அவள் எந்த நோட்டையும் திருத்தவில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. அவள் மேற்கென்று காட்டிய மலைக்கு மேலிருந்து சூரியன் ஜம்மென்று ஏறி வந்தது. அன்று காலையே வந்து இறங்கிய அம்மா வெயிலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். வடக்கே தலைவைத்துப் படுக்கவே மாட்டேன் என்றாள். தலையணையைத் திருப்பிப் போட்டால் தலை வாசற்படியில் வரும்.

ஆளனுப்பி மாரிசெல்வத்தை வரவழைத்தார்கள். அவனிடம் அலமாரி செய்யச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டு ஜோதிகா, திசை தெரியாதவரிடம் வேலை வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டாள். அவன் வேல்விழியை ஒருமுறை பார்த்தான். தப்பு தன்னுடையதுதான் என்றான். எதிர்ச்சுவரில், வாசலை விட்டுத் தள்ளி மாட்டித் தருவதாகச் சொல்லி ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்தான்.

புவியியல் டீச்சருக்குக் கிழக்கு தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டுமே... ஸ்குரூவைக் கழற்றக் குனிந்திருந்த அவன் முதுகை அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.

"அம்மா, அவுக திசை கேட்டாக. நான்தான் தப்பாச் சொன்னேன்."

பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக் கொடுக்கிறவளா இப்படி என்று அம்மா கேட்டாள்.

"மலையப் பாத்துச் சொல்லலம்மா... அவுகளப் பாத்துக்கிட்டே சொல்லிட்டேன்."

ஸ்குரூ டிரைவர் நின்றது. ஜோதிகா வாயில் கை வைத்தாள்.

"போன்லயே திசை பாக்கலாம் டீச்சர்," என்றான் அவன், திரும்பாமலே. "அன்னைக்கு கையிலதான் இருந்துச்சு. எனக்கும் தோணல... உங்க முகந்தான் தெரிஞ்சுச்சு."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முழங்காலை நீவிக்கொண்டே சொன்னாள்.

"ஊர்ல எல்லாரையும் அண்ணேம்பா. போன்ல பேசுறப்ப தம்பியத்தான் ஒண்ணுமே சொல்லிக் கூப்பிடல. நான் அப்பவே நெனச்சேன்... அந்த எழுதுற பலகைய இன்னொரு ஆளும் உக்கார்ற மாதிரி நீட்டிப் போடுங்க."

மாரிசெல்வம் டேப்பை எடுத்து நுனியை வேல்விழியின் விரலில் கொடுத்தான். இந்தத் தடவையும் இருவரும் அளவைப் பார்க்கவில்லை. அம்மாதான் படித்துச் சொன்னாள்.