திரையிடுக்கில் ஒரு கை

அந்தக் கை தளரவில்லை. இந்நேரம் தளர்ந்திருக்க வேண்டும்.

வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் அறையில், குறுக்கே தொங்கிய பச்சைத் திரைக்கு இந்தப்புறம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார் கம்பவுண்டர் தேவசகாயம். திரைமறைவிலேயே வாழும் கோஷாப் பெண்களை அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது. ஆனால் குளோரோபாரம் கொடுக்கும் பக்குவம் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். அதற்காக அவரே செய்த ஏற்பாடு இது. திரையின் கிழிசல் வழியாக நோயாளியின் கை மட்டும் வெளியே வந்து அவர் விரலை இறுகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே நர்ஸ் சவுரியம்மாள் முகத்தை மூடிய துணியில் மருந்தைச் சொட்டுவாள். பிடி தளர்ந்தால் மயக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் 'போதும்' என்ற பிறகுதான் டாக்டரம்மா கத்தியை எடுப்பார். இதுவரை ஒரு உயிர்கூடப் போனதில்லை என்பதில் அவருக்குக் கர்வம் உண்டு.

இன்றைக்கு ஆம்பூர் தோல் வியாபாரி வாஹித் பாஷாவின் மனைவி மஹ்பூபி. வயிற்றில் கட்டி. துணைக்கு அவள் அக்கா சகீனா உள்ளே இருந்தாள்.

"இன்னும் சொட்டு," என்றார்.

உள்ளே புட்டி கட்டில் விளிம்பில் இடிக்கும் மெல்லிய சத்தமும், மூலையில் டாக்டரம்மா கை கழுவும் சத்தமும், வெளியே பச்சைத்தோல் ஏற்றிய வண்டிகள் போகும் கடகடப்பும், அந்தத் தோல் நாற்றத்தோடு கலந்து திரையின் அடியில் கசிந்து வந்த மருந்தின் தித்திப்பு வாசனையுமாக அறை கனத்துக்கிடந்தது. ஜெர்மன் சண்டை முடிந்தும் சீமை மருந்துச் சரக்கு ஒழுங்காக வராத வருஷம் அது. போன வாரம் குளோரோபாரத்தில் ஒரு புட்டி குறைந்திருந்தது. அலமாரிச் சாவி சவுரியம்மாளிடம்தான் இருக்கிறது. கடைத்தெருவில் இதற்கு நல்ல விலை. எடுத்ததை மறைக்க எதையோ கலந்துவிட்டாளா?

"ஐயா, மூச்சு சன்னமா இருக்குது. நிறுத்திக்கலாங்களா?" என்றாள் அவள்.

"பிடி இரும்பாட்டம் இருக்குது. இன்னா மூச்சு? புட்டியில இன்னா கலந்த?"

"மாதா சத்தியமா ஒண்ணும் கலக்கலீங்க."

சத்தியம் வேறு. அவருக்கு எரிச்சல் மண்டியது. தன் திருட்டு வெளியே தெரியாமலிருக்க இவள் மூச்சைப் பற்றிக் கதை அளக்கிறாள். மயக்கம் வராமல் கத்தி வைத்தால் அந்தப் பெண் துடித்துப்போவாளே!

"நான் சொல்றவரைக்கும் நிறுத்தாத. சொட்டு."

பெருவிரலால் நாடியைத் தேடினார். படபடவென்று அடித்தது. இத்தனை மருந்து போன கை சில்லிட வேண்டாமா? இது சூடாக இருந்தது. வியர்த்தது. மணிக்கட்டில் வளையல் போட்ட தழும்பே இல்லை. புருஷன் இருக்கிற பெண்ணுக்கு அது எப்படி?

தலை லேசாகச் சுற்றியது. தித்திப்பு தொண்டை வரை இறங்கியிருந்தது. இந்தப்புறம் இருக்கும் தனக்கே சுற்றுகிறதென்றால், மருந்து நல்ல மருந்து.

அப்படியானால்?

உள்ளே சத்தம் இல்லை.

கை இறுக்கியது. இன்னும் இறுக்கியது.

"நிறுத்து," என்றார். "நிறுத்து!"

எழுந்தார். விரலை உருவ முடியவில்லை. மற்றக் கையால் திரையைப் பிடித்து இழுத்தார். அது கம்பியோடு வந்து விழுந்தது.

டாக்டரம்மா ஓடிவந்து போர்வையை விலக்கினார். மஹ்பூபியின் இரண்டு கைகளும் அவள் மார்பின் மேல் இருந்தன. நகங்கள் நீலம். சவுரியம்மாள் முகத்துணியை எடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா மார்பில் காதை வைத்துக் கேட்டார். நிமிரவில்லை.

புர்காவுக்குள் சகீனா சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பி நின்றிருந்தாள். அந்த மறைவில் யார் கண்ணிலும் படாமல் நீட்டியிருந்த கையில் தேவசகாயத்தின் விரல்.

"தங்கச்சி கைய வேத்து ஆம்பள தொடக் கூடாதுங்களே. நான் புருஷன் செத்தவ, என்னைய யாரு இன்னா கேக்கப் போறாங்க? அதான் என் கைய குடுத்தேன்." அவள் இன்னும் திரும்பவில்லை. "சொன்னாப்புலயே இறுக்கிப் புடிச்சிருக்கேன், விடவே இல்ல. அவளுக்கு மயக்கம் வந்துடுச்சுங்களா, ஐயா?"

பிடி தளரவில்லை.