மூன்று நாள் பச்சை

பாலைநகரில் விடிந்ததும் எல்லோரும் முதல் வேலையாகத் துப்புவார்கள். அதற்கென்றே படுக்கையருகில் ஒரு கிண்ணம் உண்டு. இரவெல்லாம் உடம்புக்குள் துப்புரவு செய்த நுண்ணர்கள் சேர்த்துவைத்த கசடு, பட்டாணி அளவில் சாம்பல் உருண்டையாகத் தொண்டைக்கு வந்து நிற்கும். "இன்னைக்கு எனக்குத்தான் பெருசு" என்று வீட்டுக்குள் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். ஏழு மணிக்கு நகராட்சி வண்டி வந்து வாங்கிக்கொண்டு போகும். செவ்வாயில் எதையும் வீணாக்க முடியாது.

பூங்கோதையின் கிண்ணம் மட்டும் பதினாறு வருடங்களாகக் காலியாகவே இருந்தது.

நுண்ணர்கள் கண்ணுக்குத் தெரியாத இயந்திரங்கள். பிறந்த பத்தாம் நாள் ஊசி வழியே இரத்தத்தில் விடப்படும். கிருமி, கட்டி, நஞ்சு என்று உடம்புக்குச் சொந்தமில்லாத எதையும் தின்றுவிடும். பூங்கோதைக்கு இருந்தது முடக்குவாதம். சொந்த மூட்டுகளையே பகையாக நினைத்துத் தாக்குகிற உடம்பு, வெளியிலிருந்து வந்த இயந்திரங்களையா விட்டுவைக்கும்? காலையில் ஊசி போட்டால் சாயங்காலத்துக்குள் அத்தனையும் காலி. அவளையும் சேர்த்து ஊரில் இப்படிப் பதினோரு பேர் இருந்தார்கள். ஆனால் நலவாரியம் 'நோய் ஒழிந்த நகரம்' என்று வளைவு கட்டி, இனிப்பு கொடுத்து, நோயாளிகள் பதிவேட்டையும் மூடிவிட்டது.

காற்று வடிகட்டி ஆலையில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. ஆறு மணி நேரம் நின்றுகொண்டே செய்ய வேண்டும். அவள் கேட்டது ஒரே ஒரு நாற்காலி.

நலவாரிய அதிகாரி சிற்றரசு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நோயே இல்லாத ஊர்ல நோயாளிக்கு நாற்காலின்னா நான் எப்படிம்மா எழுதறது? பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"முட்டியைப் பாருங்க சார். வீங்கியிருக்கு."

"கொஞ்சம் நடங்க, சரியாயிடும். யோகா பண்றீங்களா?"

பூங்கோதைக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. பதினாறு வருடங்களாக நாளுக்கு நாலு பேரிடம் விளக்கிச் சொல்லிச் சலித்துப்போன கோபம். நேராக ஜெபராஜ் கடைக்குப் போனாள்.

ஜெபராஜ் பச்சை குத்துபவர். பாலைநகரில் பச்சை என்பது மருதாணி மாதிரி. மையை நுண்ணர்கள் மூன்றே நாளில் தின்றுவிடும் என்பதால், பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் குத்திக்கொள்வார்கள்.

"என்ன எழுதணும்க்கா?"

"வலி இருக்கிறது. நானும் இருக்கிறேன்."

அவர் ஊசியை நிறுத்தினார். "மூணு நாள்ல போயிடும், பரவாயில்லையா?"

"எனக்குப் போகாது ஜெபா. குத்து."

போகவில்லை. பத்தாம் நாள் முன்கையை நீட்டிக்கொண்டு பூங்கோதை வாரியத்தில் நின்றாள். மற்ற பத்துப் பேரும் அதே வரியைக் குத்திக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார்கள். மை அழியாத உடம்பில் நுண்ணர்கள் இல்லை, நுண்ணர்கள் இல்லாத உடம்பில் நோய் உண்டு. இதை மறுக்க சிற்றரசுக்கு வழியில்லை. பதினோரு நாற்காலிகளுக்கு ஆணை போட்டார். அலுவலக ஆணைகளைச் சுருக்கமாக எழுதுவது அவர் வழக்கம். 'கையில் பச்சை உள்ளோர் ஆலை நாற்காலியில் அமரலாம்' என்று எழுதினார்.

ஒரு மாதம் பூங்கோதை உட்கார்ந்து வேலை செய்தாள். அந்த ஒரு மாதம் அவளுக்கு வீட்டுக்கு நடந்து போகத் தெம்பிருந்தது.

பிறகு ஊர் அந்த வரியைக் கவனித்தது. "என்ன தைரியம்! என்ன அழகு!" என்றார்கள். முதலில் மேற்பார்வையாளரின் மனைவி குத்திக்கொண்டாள். அடுத்து கல்லூரி மாணவர்கள். அப்புறம் ஊரே. மூன்று நாளுக்கொரு முறை ஜெபராஜ் கடை வாசலில் வரிசை நின்றது. ஒருநாள் தும்மல் வந்தவர்கூட "எனக்கும் வலி இருக்கு" என்று கையைக் காட்டினார். ஆலையில் பதினோரு நாற்காலிகளும் காலையிலேயே நிரம்பின. நோயில்லாத பதினோரு பேர் உட்கார்ந்திருக்க, பூங்கோதை மறுபடியும் நின்றாள்.

அவள் திரும்ப வாரியத்துக்குப் போனபோது, அங்கே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. தன் முறை வந்ததும் கையை நீட்டினாள். சிற்றரசு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"மங்கலா இருக்கேம்மா. ஓரமெல்லாம் கசிஞ்சிருக்கு. இது போலி."

"என்னோடது போலியா?"

"இப்போ நிறையப் போலி வருது. அதான் மாதிரி வெச்சிருக்கோம்."

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கருகருவென்று பளபளக்கும் எழுத்தில் அவளுடைய வரி. அது யாருடைய கை என்பது, சிற்றரசு சட்டைக் கையை மடித்துவிட்டிருந்ததால் உடனே தெரிந்தது. அவர் உட்கார்ந்திருந்ததும் ஆலைக்கு வாங்கிய அதே மாதிரி நாற்காலிதான்.

பூங்கோதை எதிரிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மூணு நாள் தினமும் வந்து இங்கேயே உட்காரப் போறேன். நீங்களும் உட்காருங்க. நடுவுல ஜெபா கடைப்பக்கம் போகக்கூடாது. அப்புறம் யார் கையில மிச்சமிருக்குன்னு பார்ப்போம்."

"நாளைக்குச் சாயங்காலம் எனக்கு ஒரு வேலை இருக்கே."

"தெரியும். அஞ்சரை மணிக்கு. ஜெபா சொன்னான்."

வரிசையில் சிலர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் மதியத்துக்குள் சிற்றரசின் கையில் 'வலி' பாதி போய்விட்டது. நாலு மணிக்கு 'நானும்' வெளுத்தது. ஐந்து மணிக்கு, தேநீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். திரும்பி வரவில்லை. அவருடைய நாற்காலியில் மெத்தை நன்றாக இருந்தது. பூங்கோதை அதில் மாறி உட்கார்ந்தாள். பக்கத்தில் கிடந்த ஆணையை எடுத்து, 'கையில்' என்பதற்குப் பக்கத்தில் 'மூன்று நாளில் அழியாத' என்று எழுதிச் சேர்த்தாள். பக்கத்து மேசையிலிருந்த துணை அதிகாரி அதை வாங்கி முத்திரை குத்தினான்.

வரிசையில் கடைசியாக நின்ற இளம்பெண் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"அக்கா, இந்த மங்கல் ரொம்ப நல்லா இருக்கு. எந்தக் கடையில போடறாங்க?"

"பதினாறு வருஷம் முட்டி வலிக்கணும்மா. அப்புறம் போடுவாங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலை பூங்கோதை ஆலைக்குப் போகும் வழியில் ஜெபராஜ் கடையைக் கடந்தாள். வரிசை முன்பைவிட நீளமாக இருந்தது. வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'மங்கல் பச்சை இங்கே குத்தப்படும். பார்ப்பதற்கு அசல் நோயாளிபோலவே இருக்கும்.'

அவள் நிற்கவில்லை. ஆலைக்குள் போய், புது ஆணையால் காலியாகிக் கிடந்த பதினோரு நாற்காலிகளில் ஒன்றை இழுத்து உட்கார்ந்து, முதல் வடிகட்டியைக் கையில் எடுத்தாள்.