ஈரம் காயாத பொத்தான்

பொத்தான் ஈரமாக இருந்தது.

பெரீனா கட்டைவிரலால் இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். ஈரம் மட்டுமில்லை, வெதுவெதுப்பும் இருந்தது. இந்த மாளிகையில் சூதாட்டம் நின்று நாலு நாளாகிறது. சன்னல்களுக்கு நேற்றே பலகை அடித்துவிட்டார்கள். மண்டியிட்டுத் தரையில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தபோது மேசைக்கடியில் அவள் கைக்கு அகப்பட்ட முகமூடி அது. முட்டை வடிவம், கறுப்பு வெல்வெட், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வாய்க்கு ஓட்டை கிடையாது, கட்டிக்கொள்ளக் கயிறும் கிடையாது. உள்பக்கம் வாய் வருகிற இடத்தில் ஒரே ஒரு பொத்தான். சீமாட்டிகள் அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஆட வருவார்கள். கடித்திருக்கும்வரை பேச்சு வராது. அதனால் அதற்கு ஊமைச்சி என்று பேர்.

"காத்தேக்கா, இதைப் பாரேன். இப்பதான் யாரோ வாயிலேருந்து எடுத்த மாதிரி இருக்கு."

கூட வேலை செய்த காத்தே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நவம்பர் மாசம் வெனிஸ்ல எதுடி காஞ்சு கிடக்கு? என் புருஷன் காலுறை, துவைச்சு மாசமாச்சு, இன்னும் சொட்டுது."

"சூடா இருக்குக்கா. யாருதா இருக்கும்?"

"யாரு கண்டா? நூத்தி முப்பத்தாறு வருஷமா ஊரே மூஞ்சிய மூடிக்கிட்டு வந்து ஆடின வீடு. முகமூடி இல்லேன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். சீட்டு போடுற பிரபு மட்டும்தான் வெறும் மூஞ்சியோட உக்காந்திருப்பான். உள்ள வந்தது யாரு, வெளிய போனது யாருன்னு எவன் பாத்தான்?" காத்தே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இப்ப அந்தப் பிரபுக்களே சபை கூடி, மூடுன்னுட்டாங்க. நமக்கு மெழுகாவது மிஞ்சுச்சு. நான் இறங்குறேன். அந்தக் கடைசி அறைய முடிச்சிட்டு சீக்கிரம் வந்துடு. மணி அடிச்சா சியோர் பியேரோ நிக்க மாட்டான்."

காலையிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டிருந்தான் மேற்பார்வை பியேரோ. மத்தியான மணி அடித்ததும் படிக்கட்டின் கீழே நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவான். பதில் சொல்லி இறங்கி வர வேண்டும். அப்புறம் கதவுக்கு ஆணி, ஆணிமேல் அரசாங்க அரக்கு. வசந்தம்வரை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

பெரீனா கடைசி அறைக்குப் போகும் வழியில் சன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தாள். கீழே பாலத்துப் படியில், கஷ்கொட்டை வறுக்கிறவனின் அடுப்புக்குப் பக்கத்தில், சிவப்புக் குல்லாயோடு மொமோலா உட்கார்ந்திருந்தாள். நாலு வயது. அப்பனைக் கடல் கொண்டுபோன பிறகு அவளுக்கு அம்மாவைத் தவிர ஆளில்லை. அம்மா வரும்வரை அசையக்கூடாது என்று சொன்னால் அசைய மாட்டாள்.

கீழேயிருந்து பியேரோவின் குரல் எழும்பி வந்தது. "ஏ பெரீனா! ஊமைச்சி ஒண்ணு அகப்பட்டுச்சாமே? அதைக் கொண்டு வராம மெழுகோட இறங்கின, மெழுகையும் பிடுங்கிக்குவேன்!"

அந்த மெழுகை உருக்கினால் பனிக்காலம் முழுக்க வீட்டில் வெளிச்சம். பெரீனா பொத்தானைப் பாவாடை ஓரத்தில் அழுத்தித் துடைத்து, கடைசி அறைக்குள் போய் முகமூடியை அங்கிருந்த மேசைமேல் வைத்தாள். பழுப்புச் சால்வையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு மறுபடி மண்டியிட்டாள்.

கத்தி தரையில் உரசும் சத்தமும், சுவருக்கு வெளியே வாய்க்கால் நீர் பாசிக்கல்லை நக்கும் சத்தமும், தூரத்தில் ஒரு படகோட்டி யாரையோ திட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்த அந்த அறையில், செத்த மெழுகின் வாடைக்கும் ஈரச்சுவரின் வாடைக்கும் அடியிலிருந்து, சீமாட்டிகள் முகத்தில் அப்பிக்கொள்ளும் மாவின் வாசனை மெல்ல மெல்ல மேலே வந்தது. பழைய வாசனை என்று நினைத்துக்கொண்டாள். பட்டுத்துணி எங்கோ ஒரு நாற்காலியில் உரசியது. எலி என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் மூச்சு கேட்டது. அவளுடைய மூச்சில்லை. வாயைத் திறக்க முடியாத ஒருத்தி மூக்கால் மட்டும் இழுத்து, மூக்கால் மட்டும் விடுகிற, மெல்லிய, விசில் கலந்த மூச்சு.

கத்தியை நிறுத்தினாள். மூச்சும் நின்றது.

"அக்கா?"

மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பார்த்தாள். வரிசையாக நாற்காலிகள். முகமூடி மேசைமேல் அப்படியே இருந்தது. நாற்காலி முதுகில் சால்வை இல்லை.

சான் மொய்சே கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது.

போதும். சால்வை போனால் போகட்டும். சுரண்டிய மெழுகை மடியில் அள்ளி, மடியை இடது கையால் இறுக்கிப் பிடித்தாள். வலது கையில் மெழுகுவர்த்தி. அதில்லாமல் அந்த இருட்டில் படி தெரியாது. முகமூடியை எடுக்கக் கை மிச்சமில்லை. யோசிக்க நேரமுமில்லை. மேசைமேல் குனிந்து, இந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் செய்கிற மாதிரி, பொத்தானைப் பல்லால் கவ்வினாள்.

துடைத்த பொத்தான். மறுபடி ஈரமாக இருந்தது.

"காத்தே!" என்று கீழே பியேரோ கூப்பிட்டான்.

"உன் பக்கத்துலதானே நிக்கிறேன், கண்ணு அவிஞ்சு போச்சா?"

"பெரீனா!"

முகமூடியைத் துப்பப் பார்த்தாள். பல் பிரியவில்லை. மடியை விட்டாள், மெழுகு தரையெல்லாம் சிதறியது. மெழுகுவர்த்தி விழுந்து அணைந்தது. இரண்டு கையாலும் வெல்வெட்டைப் பிடித்து இழுத்தாள். தாடையே கழன்று வருவது போல் வலித்தது. முகமூடி வரவில்லை.

"பெரீனா! ஆணி அடிக்கவா?"

"தோ வரேன், சியோர் பியேரோ! மணியடிச்சு முடியட்டுமே, என்ன அவசரம்?"

அவளுடைய குரல். படிக்கட்டிலிருந்து.

காலடிகள் இறங்கின. நிதானமாக.

"ஏண்டி இவ்வளவு நேரம்? சால்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்துப் போட்டிருக்க?"

"குளிருதுக்கா."

"ஊமைச்சி எங்க?" என்றான் பியேரோ.

"மேலயே இருக்கு. பாழாப்போன சனியன் அது, கிடக்கட்டும். மெழுகும் வேணாம்."

பெரீனா ஓடினாள். மேசை இடித்தது. விழுந்தாள். எழுந்தாள். சுவர். நாற்காலி. சுவர். வாசல் எந்தப் பக்கம்? கையால் பலகையை அறைந்தாள். கீழே சுத்தியல் விழ ஆரம்பித்திருந்தது. ஒன்று. இரண்டு.

"மேல ஏதோ சத்தம் கேக்குதே," என்றாள் காத்தே.

"எலிக்கா," என்றது பெரீனாவின் குரல்.

மூன்று. நான்கு.

கைபட்ட இடத்தில் ஒரு கோடு வெளிச்சம். இடுக்கு. முகமூடியின் ஓட்டைகள் வழியாகப் பார்த்தாள்.

பாலத்துப் படியில் பழுப்புச் சால்வை ஏறிக்கொண்டிருந்தது. சிவப்புக் குல்லாய் துள்ளி எழுந்து கையை நீட்டியது. அந்தக் கை பிடிக்கப்பட்டது. பிறகு சால்வைக்காரி நின்று, இந்தச் சன்னலை நோக்கி முகத்தைத் தூக்கி, வாயைத் திறந்தாள். இன்னும் திறந்தாள். இன்னும். குளிர்காற்றை அள்ளி அள்ளி விழுங்கினாள். வெள்ளை ஆவி குபுகுபுவென்று வந்தது. மொமோலா அண்ணாந்து அந்த வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாய் மூடவில்லை. அப்படியே குழந்தையை நடத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டி இறங்கினாள்.

கீழேயிருந்து அரக்கு உருகும் வாசனை வந்தது. இருட்டில், மூக்கால் இழுத்து மூக்கால் விடுகிற மூச்சு ஒன்று விசிலடித்தது. இந்தத் தடவை அது பெரீனாவினுடையது.

அவளுக்குப் பின்னால், நாற்காலிகளில், இன்னும் பல.