அண்ணனின் பங்கு

தென் ஆக்லாந்து மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், கடைசி அறையை லொக்கேனிக்குக் கொடுத்தார்கள். ஞாயிறு மதியம். வெளியே மழை இருட்டிக்கொண்டு கொட்டியது. முந்தைய நாள்தான் அவருடைய இரைப்பையில் பெரும்பகுதியை அறுத்தெடுத்து, மிச்சத்தை உலோகத் தையலால் மூடியிருந்தார்கள். இதயம் பாதிக்கு மேல் செயலிழந்துவிட்டது. மாற்று இதயம் வேண்டுமானால் உடல் எடை குறைய வேண்டும், வேறு வழியில்லை.

சமோவாத் தீவில் ஒரு குடியின் தலைவர் அவர். வயிற்றை அறுத்துக்கொண்ட செய்தி ஊருக்குப் போகக் கூடாது என்று மகள் சினலேயிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ரெண்டு கரண்டி சூப்புதான், பெரியவரே. மேல போனா தையல் பிஞ்சிடும்," என்றாள் தாதி தெயுயிலா. "நீங்க விழுந்தா தூக்கற அளவுக்கு என் இடுப்புல தெம்பில்ல."

சினலேய் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தாதி போன பிறகும் அவர் மூக்கில் ஒரு வாசனை நின்றது. சுட்ட கல், ஈர மண், உருகும் பன்றிக் கொழுப்பு.

"யாரும்மா இறைச்சி கொண்டாந்தது?"

"யாருமில்லப்பா. பேசாம படுங்க."

அந்த வாசனையை அவர் கடைசியாக முகர்ந்தது அண்ணன் மனாசேயின் சாவில். அண்ணனின் தலைவர் பட்டம் இவர் தோளுக்கு வந்த நாள். இறந்தவர் பெயரால், தலைவருக்குரிய பன்றி முதுகுக் கறியை இவர் முன்னால் வைத்தார்கள்; அதை மறுப்பது இறந்தவரை அவமதிப்பது. அடுத்த வாரம் அறுவை; அதுவரை நீராகாரம் மட்டுமே என்பது டாக்டர் கட்டளை. அதைச் சொல்லியிருந்தால் சபை பொறுத்திருக்கும். தலைவன் தன் நோயைச் சபையில் சொல்வதா? "பசியில்லை" என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

பிணத்தின் முன்னால்.

கதவு மூடியே இருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

"இப்பப் பசிக்குதா, தம்பி?"

கொழுப்புப் பிசுக்கேறிய விரல்கள் அவர் தாடையைப் பற்றின. வாயை இறுக்கினார். முன்பல் முறிந்தது. வாய் திறந்துகொண்டது. சூடான இறைச்சி தொண்டைக்குள் இறங்கியது, பின்னாலேயே விரல்களும்.

சினலேய் பார்த்தது அப்பாவின் தாடை தானாகப் பிளப்பதை மட்டுமே. ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள். ஏதோ ஒன்று அவளைத் தூக்கிச் சுவரில் அடித்தது.

"டாக்டர் வேணாம்னாருண்ணே," அவர் மூச்சுக்கிடையில் முனகினார். "நம்ம வீட்டு மானத்துக்காக மறைச்சேன்."

"உன் மானம். என் மானம்?"

இன்னொரு பிடி.

உள்ளே தையல் ஒவ்வொன்றாகத் தெறித்தது. நெருப்பை விழுங்கியதுபோல வயிறு எரிந்தது. வாயிலிருந்து குபுகுபுவென்று ரத்தம் பொங்கித் தலையணையை நனைத்தது.

மீண்டும் அறுத்தார்கள். கிழிந்த இரைப்பையிலிருந்து கைப்பிடி அளவு பன்றி இறைச்சி எடுத்தார்கள். அது இன்னும் சுட்டது.

அவர் பிழைத்தார். இதயம் இடையில் நின்றதாகவும், பிறகு தானாகவே அடிக்கத் தொடங்கியதாகவும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, காலையில், நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து டாக்டர் திரையைப் பார்த்தார்.

டாக்டரின் கை நின்றது.

"அப்பா," என்றாள் சினலேய். "ஊருக்குச் சொல்லிடலாம்ப்பா. அன்னைக்கு ஏன் சாப்பிடலேன்னு எல்லாருக்கும் சொல்லிடலாம்."

"என் உசுரே போனாலும் சொல்லாத."

திரையில் அவருடைய இதயம் தெரிந்தது. அதைச் சுற்றி ஐந்து தடித்த விரல்கள். அழுத்தின, விட்டன. அழுத்தின, விட்டன. அந்தத் தாளத்தில்தான் அது அடித்துக்கொண்டிருந்தது.

அவர் சொல்லி முடித்ததும் விரல்கள் அழுத்தின.

விடவில்லை.